என் கைப் பால்

உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பவர் வாயில் பால் ஊற்ற, மூத்த பங்காளி என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊற்றிய சற்று நேரத்தில் ஆள் போய்விடும். என் கைராசி அப்படி என்று ஊரில் பேச்சு. டாக்டர் கைவிரித்த பிறகு கூப்பிட்டால் எவன் பிழைப்பான்?

நேற்று சளிக்காய்ச்சலில் படுத்திருந்த மச்சினன், கணக்கு வாத்தியார் உலகநாதனுக்குச் செம்பில் வெந்நீர் நீட்டினேன். சுவரோரம் ஒண்டிக்கொண்டான்.

"அத்தான், உங்க கையால குடிச்சவன் ஒருத்தனாவது எந்திரிச்சிருக்கானா? செம்பைக் கீழ வைங்க."

"படிச்ச முட்டாள்" என்று திட்டிவிட்டு வந்தேன்.

இன்று எனக்கே காய்ச்சல். என் வீட்டுக்காரி சூடாகப் பால் கொண்டுவந்தாள். டம்ளரைப் பார்த்தேன். என் கையையும் பார்த்தேன்.

"நீயே ஊட்டி விடுடி."

"ஏன், கைக்கு என்ன கேடு?"

"கைக்கு ஒண்ணுமில்ல" என்று வாயைத் திறந்தேன்.