பொத்தான் தைத்த காலை

“அங்கிள், எங்கம்மா முகத்தையும் எடுத்துருவீங்களா?”

பதினொரு வருடங்களுக்கு முன், தன் தாயின் கொலையைக் கண்ட ஒரே சாட்சியான ஏழு வயது ஜெனிலா கேட்டாள். “சேச்சே, அந்த அஞ்சு நிமிஷம் மட்டுந்தாம்மா,” என்றார் நினைவுப் பதிவாளர் சூசைமணி.

கோர்ட்டுக்காக எடுக்கும் நினைவு சாட்சியின் தலையில் மிஞ்சாது. வழக்கு தோற்றுவிடுமோ என்ற பயத்தில் அவர் கொலை நடந்த நாள் முழுவதையும் வெட்டியெடுத்தார். கொலைகாரன் சிக்கினான். ஆனால் தாயின் கடைசிக் காலையும் அதோடு போயிற்று. அன்றிலிருந்து சூசைமணி ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் அந்தக் கேள்வி குறுக்கே வந்தது.

மேல்முறையீடும் முடிந்து, இன்று பதிவை அழிக்க உத்தரவு. ஜெனிலா கையெழுத்துப் போட வந்திருந்தாள்.

“ஒரு பரிசோதனை இருக்கும்மா. பத்து நிமிஷம் தூங்கிருவ.”

“தூங்கவா? ஹாஸ்டல்ல அதுதான் சார் கிடைக்கிறதே இல்ல!”

அவள் தூங்கியதும் சூசைமணி கதவைச் சாத்தினார். தெரிந்தால் வேலை போய்விடும். கொலை நடந்த ஐந்து நிமிடங்களை நீக்கிவிட்டு, மீதி நாளை அவளுக்குள் திருப்பி வைத்தார்.

கண்விழித்தவள் சட்டைக் காலரைத் தடவினாள். “சார், எங்கம்மா பட்டன் தைச்சிட்டு நூலைப் பல்லால கடிப்பாங்க. இது எனக்கு எப்படித் தெரியும்?”

“கனவா இருக்கும்மா.”

அவள் போனபின், அந்த ஐந்து நிமிடங்களை அழித்தார்.