ஐஸில் அடிபட்ட புரொப்பெல்லர்

படகுக்குக் கீழே ‘டொக்’ என்றது.

பஸ்ரியாம்பிள்ளை திரும்பிப் பார்த்தார். எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில், கொதிக்கிற வெயிலில், ஒரு பெரிய ஐஸ் கட்டி மிதந்துகொண்டிருந்தது.

மீனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு சற்று முன் போன வள்ளத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

கப்பலில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தவர் பஸ்ரியாம்பிள்ளை. பின்லாந்துக் கடல் உறைகிற கதையை அவர் சொல்லாத ஆள் ஊர்காவற்றுறையில் இல்லை. ஐஸுக்குள் ஓடும்போது புரொப்பெல்லரை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்பார். நின்றால் ஐஸ் இடையில் செருகி புரொப்பெல்லரின் இலையை முறித்துவிடும். சுழன்றுகொண்டிருந்தால் அதுவே அரைத்துத் தள்ளிவிடும்.

அவருடைய மனைவி கத்தரீனாவின் தமையன் கிறிஸ்தோப்பர், தன் படகை ஒருவருக்கும் கொடுக்காதவர். இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் மச்சானை நம்பிக் கொடுத்திருந்தார்.

நிறுத்தக்கூடாது. பஸ்ரியாம்பிள்ளை எஞ்சினை இன்னும் முறுக்கினார்.

‘டொக்.’

படகு நடுங்கியது, நகரவில்லை. எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். மூன்று இலைகளில் ஒன்றுதான் மிச்சம்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அது. புதுப் புரொப்பெல்லர் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். சண்டை நடந்த அந்த நாட்களில் கொழும்பு பின்லாந்தை விடத் தூரம்.

சாட்சி வேண்டும் என்று அவருக்குப் பட்டது. சிதறி மிதந்த ஐஸில் பெரிய துண்டாக ஒன்றை அள்ளி எடுத்து, சட்டையைக் கழற்றிச் சுற்றி, காலுக்குள் வைத்துக்கொண்டு துடுப்பு வலித்தார். துடுப்பின் ஒவ்வொரு இழுப்புக்கும் சட்டைப் பொதி கொஞ்சம் சிறுத்தது.

கரையில் கிறிஸ்தோப்பர் நின்றார். பக்கத்தில் கத்தரீனா. பின்னால் பாதி ஊர்.

“எதிலை அடிச்சனீர்?”

“ஐஸிலை.”

பஸ்ரியாம்பிள்ளை சட்டையை விரித்துக் காட்டினார். சட்டைதான் இருந்தது.

“நக்கிப் பாரும் மச்சான், உப்பிராது. ஐஸ் தண்ணி” என்று ஈரத்தை நீட்டினார்.

கரை முழுக்கச் சிரித்தது. கிறிஸ்தோப்பர் சிரிக்கவில்லை. புரொப்பெல்லர் போனதை விட, ஊருக்கு முன்னால் மச்சான் தன்னைப் பேயனாக்குகிறார் என்பதுதான் அவருக்குக் கொதித்தது.

கத்தரீனா புருஷனின் காதருகே வந்தாள். “கல்லெண்டு சொல்லுங்கோவன்.”

பஸ்ரியாம்பிள்ளை ஈரச் சட்டையைப் பார்த்தார். படகைப் பார்த்தார்.

“கல்லுத்தான்” என்றார்.

கிறிஸ்தோப்பரின் முகம் இளகிவிட்டது. “அதை முதலே சொல்லியிருக்கலாமே. கல்லிலை அடிக்காதவன் ஆர்?” தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து மச்சானுக்குப் போர்த்தினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கத்தரீனா சொன்னாள்: “ஆறு வருசம் ஐஸ் கடலிலை ஓடின மனிசன் இஞ்சை வந்து ஐஸிலை அடிச்சனெண்டால் ஆர் நம்புவினம்?”

பஸ்ரியாம்பிள்ளை ஈரச் சட்டையைப் பிழிந்தார்.

அந்த ஆறு வருடமும் அவருடைய கப்பல் டுபாய்க்கும் கராச்சிக்கும் இடையில்தான் ஓடியது. கடலில் ஐஸ் மிதப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.