சுரூபத்தின் தொடையில்

மாலை வெயில் கோயில் ஜன்னல் வழியாக இறங்கி, தரையில் பரப்பிய பழைய செய்தித்தாள்களின்மேல் கிடக்கிறது. நடுவே புனித ரோக்கின் சுரூபம் வார்னிஷ் வாடையோடு, புதுமாப்பிள்ளை மாதிரி பளபளக்கிறது. அவர் காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்விய நாய்ச் சிலை. பெயிண்டர் தள்ளி நின்று தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்கிறார். தொடையில் இருந்த பொத்தலைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் செய்திருக்கிறார். வாராவாரம் மெழுகுவத்தி ஏற்ற வருகிற பெண் மருந்துக்கடைப் பையோடு வந்து, சுரூபத்தை மேலும் கீழும் பார்க்கிறாள்.

“காயம் எங்கண்ணே?”

“எந்தக் காயம்மா?”

“கொள்ளைநோய்க்காரங்களுக்குப் பணிவிடை செஞ்சு இவருக்கே அந்த நோய் வந்துச்சில்ல. அந்தப் புண்ணு.”

புனிதர் ஒரு கையால் அங்கியை விலக்கி, மறு கை விரலால் வழவழப்பான தொடையைச் சுட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த விரலுக்கும் பெயிண்டர்தான் சாயம் பூசினார். அது எதைக் காட்டுகிறது என்று மட்டும் உறைக்கவில்லை. அசடு வழிந்தபடி கத்தியை எடுத்துச் சுரண்டுகிறார். வெள்ளைத் தூள் நாயின் முதுகில் உதிர்கிறது. பள்ளம் திரும்ப வந்ததும் சிவப்பைக் குழைக்கிறார்.

“ஆறிட்டு வர்ற மாதிரி போட்டுடவா? பாக்க நல்லாருக்கும்.”

“வேணாம்ணே.” அவள் பைக்குள் பிதுங்கும் கட்டுத்துணிச் சுருளை உள்ளே தள்ளுகிறாள். “எங்க வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்கா கால்ல ஆறாத புண்ணு. ஆறிப்போனவர்கிட்ட நான் என்னத்தப் பேசுறது?”

பெயிண்டர் சிவப்பில் ஒரு சொட்டுக் கறுப்பை விடுகிறார்.