டயரில் எடுத்த நூல்

"தறிக்குப் பக்கத்துல வீடு பாத்துட்டு சத்தம் வருதுன்னா இன்னாம்மா அர்த்தம்? திருப்பதியில ஓட்டலுக்கு மேல ரூம் எடுத்துட்டு, சாம்பார் வாசன வருதுன்றா மாதிரி கீது!"

கத்தியது நான்தான். நகரியில் எட்டு பவர்லூம் வைத்திருப்பவன் மெதுவாகப் பேசினால், அவன் பேச்சு அவனுக்கே கேட்காது.

எதிரில் நின்றவள் தேவசேனா. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ். திருப்பதி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு, காலை ரயிலில் வந்து இறங்குவாள்.

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லல அண்ணா. மத்தியானம் ரெண்டு மணி நேரம், எங்க சுவரோரம் இருக்கற ரெண்டு தறிய மட்டும்..."

"தறி நின்னா எட்டுக் குடும்பம் நிக்கும்!"

(ஷெட்டில் வேலை செய்பவர்கள் நாலே பேர்தான். கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது.)

அவள் தறிகளைப் பார்த்தாள். வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "சரிண்ணா" என்று போய்விட்டாள். ஒரு பெண்பிள்ளையை ஜெயித்த சந்தோஷத்தில் அன்று ஒரு கரண்டி சோறு கூடவே தின்றேன்.

அடுத்த வாரம் அவள் தம்பி ஹரிபிரசாத் டேப்போடு வந்து ஷெட்டை அளந்தான். திருப்பதிக்கு வெளியே, பழைய டயரை அரைக்கிற கம்பெனி வைத்திருக்கிறானாம்.

"தேஞ்ச டயர கிழிச்சா ரப்பர் தனியா, கம்பி தனியா, நூல் தனியா வந்துடும் சார். அந்த நூல அமுக்கி பலகையா பண்றோம். சுவத்துல அடிச்சா சத்தத்த உள்ள வாங்கிக்கும். சாம்பிளுக்குன்னு சும்மாவே போட்டுத் தர்றோம்."

"டயருக்குள்ள நூலா?" என்று சிரித்தேன்.

அவன் பையிலிருந்து ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தான். அழுக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தால் நூலேதான். முப்பது வருஷமாக நூலில் பிழைக்கிறவன், தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அடியில் நூல் சுற்றுவது தெரியாமல் இருந்திருக்கிறேன். அதை வெளியில் காட்டிக்கொள்ள முடியுமா?

"தீ புடிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?" என்று விறைப்பாகக் கேட்டேன்.

"பர்வாலேது சார், பயப்படாதீங்க. தீ புடிக்காம இருக்க மருந்து கலந்துதான் பண்றோம்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி தேன்மொழி, "நல்ல மனசுங்க அந்தப் பொண்ணுக்கு" என்றாள்.

"மனசும் இல்ல ஒண்ணும் இல்ல. பயம்! நான் போட்ட சத்தத்துல ஆடிப் போயிட்டா."

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. தேவசேனா வீட்டை ஒட்டிய சுவரில் ஹரிபிரசாத் முதல் பலகையை அடித்தான். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது.

"இந்தாப்பா, ஒரு சுவத்துல மட்டும் அடிச்சா ஒட்டுப்போட்ட சட்ட மாதிரி கீது. அடிச்சா நாலு சுவத்துலயும் அடி. இல்லன்னா இதையும் கழட்டு."

"சரி சார்" என்று அவன் வேனிலிருந்து மீதிப் பலகைகளை இறக்கினான். சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் முடிந்துவிட்டது.

ஒரு சுவருக்கு வந்தவர்களிடம் நாலு சுவரைக் கறந்துவிட்டேன்! டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வாட்ஸ்அப்பில் ஷெட்டின் படத்தைப் போட்டு, 'பழைய டயருக்கு வாழ்வு கொடுத்தோம், பூமியைக் காப்போம்' என்று வேறு எழுதினேன். நாற்பத்திரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

மறுநாள் தறிகளை ஓட்டினோம். சத்தம் பாதியாகியிருந்தது. இத்தனை வருஷம் என் தறிகளை ஓட்டிக்கொண்டே கை ஜாடையில் பேசிக்கொண்டிருந்த கலைவாணியும் வெங்கடசாமியும் அன்றைக்கு வாயால் பேசினார்கள். கலைவாணி சொன்னது என் காதிலும் விழுந்தது.

"அப்படியே மொதலாளி வாய்லயும் ஒரு பலக அடிச்சிருக்கலாம்."

"கேக்குது! கேக்குது!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

தேவசேனா வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா, காலி பண்றியா? இப்பதான சத்தம் கொறஞ்சிது!"

"நீங்க முடியாதுன்னு சொன்ன அன்னிக்கே வீட்டு ஓனர்கிட்ட காலி பண்றேன்னு சொல்லிட்டேன் அண்ணா. திருப்பதியிலயே ஒரு வீடு கெடச்சிது."

"அப்ப எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி பலக அடிச்ச?"

"ஆஸ்பத்திரியில எனக்கு காது வார்டுலதான் வேல. நம்ம ஊரு தறிக்காரங்க வருவாங்க. எல்லாரும் சுத்தமா கேக்காமப் போனப்பறம்தான் வருவாங்க. அன்னிக்கு ரெண்டடி தூரத்துல நின்னுக்கினு, தெரு முனைக்குக் கேக்கறா மாதிரி எங்கிட்ட பேசினீங்க. உங்க ஆளுங்க கை ஜாடையிலயே பேசிக்கினு வேல செஞ்சாங்க. அதான் தம்பிகிட்ட சொன்னேன். நாலு சுவத்துக்கும் அளவெடுத்துதான் பலக கொண்டாந்தான்."

டீக்கடையில் சிரித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீ இங்கயே இரும்மா" என்றேன். எனக்கே ஆச்சரியம், குரல் மெதுவாக வந்தது. "இனிமே மத்தியானத்துல அந்த ரெண்டு தறியும் ஓடாது."

அவள் சிரித்தபடி லாரியில் ஏறினாள்.

"பரவால்ல அண்ணா, எனக்கு வேற வீடு கெடச்சிடுச்சி. உங்களுக்கு வேற காது கெடைக்குமா?"