முதல் ஆளாக வந்தவர்

கொத்தனார் ஆறடி, சாரம் கட்டாமலே மேல்வரிசைக்குச் செங்கல் வைப்பார். பத்தாவது படிக்கும் மகளோ அவர் நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் கூப்பிட்டதும், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முதல் ஆளாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர் அவர்தான். இன்று முடிவு சொல்கிற நாள். மனைவியும் கூட உட்கார்ந்திருந்தாள்.

"உங்களை மாதிரி அப்பா எல்லாருக்கும் கிடைக்கணும்," என்றார் டாக்டரம்மா. "பொண்ணோட ஜீன்ல பழுது இல்லைங்க. ஜீனுக்கு வெளியில, சும்மா கிடக்குதுன்னு நெனச்ச இடத்துல டி.என்.ஏ. எழுத்து ஒண்ணே ஒண்ணு மாறியிருக்கு. பல்பு நல்லாத்தான் இருக்கு, சுவிட்சுதான் சரியில்லை."

"எனக்கும் அது இருக்குதாம்மா?" கொத்தனார் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"இருக்கு. உங்களை மத்த ஜீனெல்லாம் சேர்ந்து தூக்கிவிட்டிருச்சு. அவளுக்கு அதுங்க கைகொடுக்கலை. லட்சம் பேரைப் பார்த்துட்டோம், இது உங்க ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. உங்ககிட்டேருந்து வந்ததுதான்."

கொத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா பதறிப்போனார். "ஐயோ, இதுல உங்க தப்பு என்னங்க இருக்கு?"

"அவரு அதுக்கு அழலைங்க," என்றாள் மனைவி. "மக யாருக்குப் பொறந்தவன்னு இத்தனை வருஷமா என்னைக் கேட்டுக்கிட்டிருந்தாரு. அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஓடிவந்தாரு."

கதவைத் திறந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, போலாமா?"

அவள் முகத்தைப் பார்க்க அந்த ஆறடி மனிதருக்கு உயரம் போதவில்லை.