அடுத்த தெருப் பானை

கவுன்சில் லொறி அள்ளிப்போகட்டுமென்று அடுத்த தெருவில் யாரோ குப்பையோடு வைத்திருந்த பெரிய அலுமினியப் பானையை, வீட்டில் பியர் காய்ச்சலாமென்று அருந்தவன் ஆசையாகத் தூக்கி வந்தான். உள்ளே கையை விட்டதும் குமட்டியது. அடியில் கறுத்த கொழுப்பு. அதில் ஒட்டியபடி ஓர் எலும்பு, இரண்டு செத்த கரப்பான்பூச்சிகள்.

"சீ! இறைச்சி காய்ச்சிப்போட்டுக் கழுவாமலே விட்டிருக்குதுகள். இதுகளும் மனுசரே?"

"அதைத்தானப்பா நானும் கேக்கிறன்," என்று மனைவி மயூரா கறை போக்க வினாகிரிப் போத்தலை நீட்டினாள்.

ஓங்காளித்தபடியே இரண்டு மணி நேரம் தேய்த்தான். இனி வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உட்புறம் காப்பாகச் சாம்பல் நிறப் படலம் படிந்தால் பியருக்குத் தயார். வெளிப்பக்கக் கரியையும் உரஞ்சியபோது விளிம்பில் வெட்டியிருந்த பெயர் தெரிந்தது: மயூரா.

அருந்தவன் மெல்லத் திரும்பினான்.

"ஓம், என்ர சீதனப் பானைதான். உங்கட நாற்பதாவது பேர்த்டேக்கு ஆட்டிறைச்சி காய்ச்சிப்போட்டு, நாளைக்குக் கழுவுறன் எண்டு கராஜில வச்சனீங்கள். மூண்டு வருசம் பொறுத்துப் பாத்திட்டு நேற்றுத்தான் எறிஞ்சனான். எங்கட வாசலில வைக்க வெக்கமாக் கிடந்தது. அதுதான் அடுத்த தெருவில கொண்டுபோய் வச்சனான்."