சொன்னதை அப்படியே

கண்ணைக் கட்டிய கறுப்புத் துணியோடு நகுலேஸ்வரி பேசத் தொடங்கியபோது, மருந்தை விழுங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

லண்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வு அறை. ஆறாத மனக்காயம் உள்ளவர்களுக்குக் காளானிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பேசவைக்கும் சிகிச்சை. கட்டிலின் ஒரு பக்கம் மருத்துவர் ஹெலன். மறுபக்கம் மொழிபெயர்ப்பாளர் கிருஷ்ணராசா.

எது வந்தாலும் எதிர்க்காமல் வரவிடுங்கள் என்று காலையிலேயே ஹெலன் சொல்லியிருந்தார்.

வந்தது பங்கர், போர்க்காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து ஒளிந்திருந்த குழி.

மகன் கீர்த்தனனின் சட்டையைப் பிடித்திருந்தாள். அவனுக்குப் பதினாறு வயது. வெளியிலிருந்து நாலு பேர் அவனை இழுத்தார்கள். அவள் விடவில்லை. துப்பாக்கிப் பிடியால் மணிக்கட்டில் அடித்தார்கள்.

"எங்கட இயக்கப் பெடியள்தான் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனவங்கள். பன்னிரண்டு நாளில என்ர பிள்ளை செத்துப்போனான்."

கிருஷ்ணராசா இருமினார். பிறகு, இவருடைய மகனை இராணுவத்தினர் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹெலன் எழுதிக்கொண்டார்.

நகுலேஸ்வரி துணியை நெற்றிக்குத் தள்ளினாள். சுவர்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. யன்னல் திரையின் நீலம் தரையில் வழிந்தது. கிருஷ்ணராசாவின் முகம் மட்டும் அசையாமல் இருந்தது.

ஆமி இல்லை, இவர் பிழையாகச் சொல்கிறார் என்றாள். ஆங்கிலத்தில்.

ஹெலனின் பேனா நின்றது. ஆங்கிலம் போதாது என்று படிவத்தில் எழுதியிருந்தவள், பதின்மூன்று வருடமாக ஸ்ட்ரெதம் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவள்.

கிருஷ்ணராசா அவள் பக்கம் குனிந்தார். "அக்கா, வெள்ளைக்காரருக்கு இது விளங்காது. எங்கட சனத்துக்குத்தான் கூடாத பேர்."

"சொன்னதை அப்பிடியே சொல்லும், தம்பி."

சிகிச்சைக்காக அறையில் மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அவர் வேர்வையைத் துடைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் சொன்னார். 'எங்கட' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு தரம் தடக்கி, மூன்றாம் தரம் முழுதாகச் சொல்லி முடித்தார்.

நகுலேஸ்வரி துணியைத் தானே மறுபடி கண்ணுக்கு இழுத்துவிட்டு, நேராகப் படுத்துக்கொண்டாள். இனி வருவது வரட்டும்.

ஒவ்வொரு கார்த்திகையும் மாவீரர் நாள் மண்டபத்தில் கீர்த்தனனின் படத்துக்கு மாலை போட்டு, தாயே விரும்பி அனுப்பிவைத்த வீரன் என்று ஒலிவாங்கியில் முழங்கி, அவளைக் கைப்பிடித்து முன்வரிசையில் இருத்துகிறவர் கிருஷ்ணராசா.

மருத்துவமனை மூன்று மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களை அனுப்பியிருந்தது.

இவர்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்டவள் நகுலேஸ்வரி.